வருமானச் சான்று இல்லாதவருக்கு இலவச வக்கீல் கிடைப்பாரா?

கேள்வி: சென்னையில் நடைபாதையில் வசிக்கும் ஒரு அம்மாவுக்கு சிவில் கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. ரேஷன் கார்டுகூடக் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில் 1: தாராளமாகக் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. காவலில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அப்படித்தான். கோர்ட் வளாகத்தில் உள்ள, இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் சம்மனோடு கூட்டிப் போங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே மனுவாக எழுதிக்கொள்வார்கள்.

பதில் 2: முதலில் சம்மனில் வாய்தா தேதியைப் பாருங்க! அன்றைக்கு யாருமே ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள், அதாவது அவர் தரப்பைக் கேட்காமலேயே வழக்கை நடத்திவிடுவார்கள். அவசரம் என்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடுங்க.

பதில் 3: வருமான வரம்புக்கு உட்பட்ட ஆண்களுக்கு வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரமே போதும், அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. ஒதுக்கப்பட்ட வக்கீல் ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீங்க. ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்க.