மழைநாளில் நாயோடு ஏரிக்கரை நடை: தூம்பு, கலங்கல், கசிவு

புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீருக்குள் தனியாக இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதுதான் குமிழித் தூம்பு, ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல்மதகு. தூண்களை இணைக்கும் குறுக்குக் கற்களில் நேர்கோட்டில் ஓட்டை இருக்கும். அதன் வழியே இறங்கும் கம்பின் நுனியில் அடைப்பு. கீழே, ஏரித்தரையில் ஒரு கல்தொட்டி. அடைப்பைத் தூக்கினால் தொட்டியின் மேலுள்ள நீரோடித் துளையில் தண்ணீர் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கல்வழியாக வாய்க்காலுக்குப் பாயும். அந்த வேகமே தரையை ஒட்டிய சேறோடித் துளைகள் வழியாக வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். ஏரி தூராது, வயலுக்கு எருவும் ஆயிற்று. எவ்வளவு அழகான வேலை! பல தூண்களில் தூம்பு செய்து கொடுத்தவர் பெயரோடு கல்வெட்டு உண்டு. அதைப் படிக்கக் கோடையில் வாருங்கள். ஐப்பசியில் தூணின் தலை மட்டும்தான் தெரியும்.

மழையில் பார்க்க வேண்டியது கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு. மேலே சிறு கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். பெருமழை ஓய்ந்தபிறகு அவற்றின் இடையில் பலகையோ களிமண்ணோ வைத்து இன்னும் ஓரிரு அடி தேக்குவது பழைய முறை. மழை தொடங்கும்போதே மணல்மூட்டை போட்டு அடைப்பது பெரிய தவறு. போக வழியில்லாத வெள்ளம் மண்கரை மேல் ஏறினால் சில மணி நேரத்தில் கரையை அறுத்துவிடும்.

•

நாய் விஷயம் சேர்க்கிறேன். திறந்திருக்கும் மதகின் ஏரிப்பக்கம் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. நீர்மட்டத்தில் சின்னச் சுழி தெரிந்தால் கீழே மதகின் வாய் இழுக்கிறது என்று பொருள். நீச்சல் தெரிந்த நாயும் மீளாது. கலங்கலின் கீழ்த்தளத்தில் பாசி படிந்திருக்கும், அங்கேயும் இறக்காதீர்கள். கரையில் எலிவளையைக் கண்டால் நாய் தோண்டும். உடனே இழுத்துவிடுங்கள், அந்தக் குழியில்தான் மழைநீர் இறங்கிக் கரை சரியும்.

தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும், மனிதருக்கும் தொற்றும். நாய்க்கான தடுப்பூசி முதலில் சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு வருடம் ஒன்று. மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். நடைக்குப் பின் ஓரிரு வாரத்துக்குள் நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

•

கரையின் வெளிப்பக்க அடிவாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டே நடங்கள். தெளிந்த கசிவு பல பழைய கரைகளில் இருப்பதுதான். அளவு கூடுகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும். கசிவு சேறு கலந்து வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது: நண்டுவளை, எலிவளை, பட்டுப்போன சீமைக்கருவேல வேர் எதுவும் காரணமாக இருக்கலாம். ஊற்றின் மேல் களிமண்ணை அமுக்கி அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். சுற்றிலும் மணல்மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே முதலில் மணல், மேலே சிறு ஜல்லி, அதற்கு மேல் பெருங்கல் போட வேண்டும். தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும்.

யாரிடம் சொல்வது? ஆயக்கட்டு (ஏரி பாசனம் தரும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் பெரும்பாலும் நீர்வளத்துறை. மதகிலிருந்து எத்தனை அடி தள்ளி, எந்தப் பக்கம் என்று அளந்து சொல்லுங்கள். இருட்டில் ஆள் வந்தாலும் தேடாமல் இடத்துக்குப் போய்விடலாம்.