தொட்டி எண் 255

சிப்புட் வயர்மேன்:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். தண்ணீர்த் தொட்டி மட்டத்தை அளந்து ஆபீசுக்கு அனுப்பும் சின்னப் பெட்டிகள் மாட்டியிருக்கிறார்கள். ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி, ஒரு ஏடிமெகா328பி சில்லு, ஒரு ரேடியோ மாட்யூல், அவ்வளவுதான். பேட்டரி பழசானதும் ஒரு பெட்டி தன்னைத் தொட்டி எண் 255 என்று சொல்லத் தொடங்கியது. மொத்தமே நாலு தொட்டிதான்! பேய் வேலை என்றார் தோட்டத்தை மேற்பார்க்கும் மண்டோர்.

எனக்குச் சந்தேகம் ஈஈப்ராம் மேல், அதாவது மின்சாரம் போனாலும் மறக்காமல் தொட்டி எண்ணை வைத்திருக்கும் சில்லின் நினைவகம். அழிந்துபோன பைட் 255 என்றுதான் வரும். பார்த்தால், வோல்டேஜ் குறைந்ததும் சில்லை நிறுத்திவைக்கும் பிரவுன் அவுட் காவலை, பெட்டி செய்தவர்கள் அணைத்தே வைத்திருக்கிறார்கள். ரேடியோ பேசும்போது பழைய பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று சரியும். அந்த நேரத்தில் சில்லு தாறுமாறாக ஓடி எதையாவது அழித்துவிடும்.

அவர்களை முழுசாகத் திட்டவும் முடியாது. அந்தக் காவல் சுமார் 20 மைக்ரோஆம்பியர் தின்னும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 175 மில்லிஆம்பியர்-மணி. பேட்டரியில் இருப்பதே 220 சொச்சம். காவல்காரன் சம்பளத்திலேயே கடை காலி.

ஆனால் இந்தச் சில்லில், தூங்கும்போது மட்டும் காவலை அணைக்க வழி இருக்கிறது. எழுந்ததும் காவல் தயாராகச் சுமார் 60 மைக்ரோவிநாடி. அதுவரை நிரல் ஓடாது. அப்படி மாற்றி, வரம்பை 1.8 வோல்ட்டில் வைத்து, வேகத்தையும் 4 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். 8-இல் ஓட சில்லுக்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும், அப்போது 1.8 வைத்தால் காவல் பேருக்குத்தான்.

கூலிம் தம்பி:
அண்ணே, நானும் சிப்புட்தான். இப்போது கூலிமில் சில்லு சோதிக்கும் வேலை. சில்லுக்குள்ளும் இதே இழுபறிதான். சுவிட்ச் மாறும்போது செலவாகும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது: 5 வோல்ட்டை 3.3 ஆக்கினால் முன்பு ஆனதில் 44 சதவீதம் போதும். ஆசைப்பட்டு இன்னும் இறக்கிக்கொண்டே போனால் வேலை மெதுவாகும், அத்தனை நேரமும் மின்சாரம் கசியும், மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். நினைவகம் அதற்கும் முன்பே தகராறு செய்யும். லட்சக்கணக்கான செல்களில் மிகவும் நோஞ்சானானது எதுவோ, அது தாங்கும் வோல்டேஜ்தான் எல்லை. பிழை திருத்தம் வைக்கலாம், 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாகும். அந்த எட்டுக்கும் கரண்ட் வேண்டுமே.

லிந்தாங் அக்கா:
எங்கள் கேட் சென்சாரில் வோல்டேஜ் சரியாமல் இருக்க மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வைத்துத்தான் விற்றார்கள். சரிவு இல்லை, ஆனால் பேட்டரி மட்டும் சீக்கிரம் தீர்கிறது.

சிப்புட் வயர்மேன்:
அந்த வகை தானே கசியும் அக்கா, தூங்கும் சில்லு குடிப்பதைவிட அதிகமாகக்கூட. செராமிக் மாற்றிப் பாருங்கள்.