அமெரிக்க அதிபர் தேர்தல்களின் மாபெரும் வெற்றிகள்: மக்கள் தீர்ப்பா, எண்ணும் முறையின் மாயமா?

பொருநை:
2024 நவம்பரில் வெற்றி உரை ஆற்றிய டிரம்ப், முன்னெப்போதும் இல்லாத வலிமையான ஆணையை மக்கள் தமக்குத் தந்திருப்பதாகச் சொன்னார். கணக்கைப் பாருங்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட 538 தேர்வாளர்களின் வாக்குகளில் 312. மக்கள் வாக்குகளில் 49.8 சதவீதம். கமலா ஹாரிஸைவிட ஒன்றரைப் புள்ளி அதிகம். தெளிவான வெற்றிதான், மறுப்பதற்கில்லை. மாபெரும் வெற்றி அல்ல.

என் வாதம் அவரோடு நிற்கவில்லை. அமெரிக்க வரலாற்றில் கொண்டாடப்படும் மாபெரும் வெற்றிகளில் பலவும் எண்ணும் முறை ஊதிப் பெரிதாக்கியவை. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்விடுகிறார்கள். 1912ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சி இரண்டாக உடைந்தது. பதவியில் இருந்த டாஃப்ட் ஒரு பக்கம், முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மறுபக்கம். இருவரும் சேர்ந்து 50 சதவீதத்துக்கு மேல் வாங்கினார்கள். உட்ரோ வில்சன் வாங்கியது 41.8 சதவீதம். ஆனால் 531 தேர்வாளர் வாக்குகளில் 435 அவருக்கு! 1980இல் ரீகனுக்கு 50.7 சதவீதம், தேர்வாளர் வாக்குகளோ 489. நாட்டில் பாதிக்குப் பாதி பேர் வேறு யாருக்கோ வாக்களித்திருக்கிறார்கள், வரைபடம் முழுவதும் ஒரே நிறம். இதை மக்களின் ஒருமித்த குரல் என்று எப்படிச் சொல்வது?

இளங்கோ, வாணியம்பாடி:
உங்களுக்கு வசதியான தேர்தல்களை மட்டும் பொறுக்கியிருக்கிறீர்கள், பொருநை. வேட்பாளர் ஒருவர் மக்கள் வாக்குகளில் 60 சதவீதத்தைத் தாண்டியது நான்கு முறை: 1920, 1936, 1964, 1972. இவற்றில் எண்ணும் முறையின் மாயம் எங்கே?

1920இல் குடியரசுக் கட்சியின் ஹார்டிங் 60.3, ஜனநாயகக் கட்சியின் காக்ஸ் 34.1. இருபத்தாறு புள்ளி இடைவெளி. இருவர் மோதிய தேர்தல்களில் அதற்குப் பின் அப்படி ஒன்று வரவில்லை. உலகப் போரிலும் வில்சனின் சர்வதேச சங்கத்திலும் சலித்துப்போன நாடு, இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புவோம் என்றவரைத் தூக்கி வைத்தது. நாடு முழுவதும் பெண்கள் வாக்களித்த முதல் அதிபர் தேர்தலும் அதுதான். 1936இல் ஜனநாயகக் கட்சியின் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 60.8 சதவீதம், தேர்வாளர் வாக்குகளில் 523க்கு 8. எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டனுக்கு மெய்னும் வெர்மான்ட்டும் மட்டுமே. அந்த ஆண்டு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் சீட்டுகளை எண்ணி, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் முகவரிகளுக்கே பெரும்பாலும் சீட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது நவம்பரில்தான் தெரிந்தது. அதைத் தீர்ப்பு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பொருநை:
ஐயா, அந்த 1936க்கே வருகிறேன். தென் கரோலினாவில் ரூஸ்வெல்ட்டுக்கு 98 சதவீதத்துக்கு மேல். மாநிலத்தின் மக்கள்தொகை 17 லட்சத்துக்கும் அதிகம். பதிவான வாக்குகள் ஏறத்தாழ 1.15 லட்சம். கருப்பின மக்களை, வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரி, எழுத்தறிவுத் தேர்வு, வெள்ளையருக்கு மட்டுமான உட்கட்சித் தேர்தல், எல்லாவற்றுக்கும் மேலாக அச்சம் ஆகியவற்றால் வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்திருந்தார்கள். யாருடைய தீர்ப்பு அது?

இன்னொன்று. மக்கள் வாக்குகளில் மிக அதிகமாக 61.1 சதவீதம் பெற்றவர் 1964இன் லிண்டன் ஜான்சன். அவருக்குத் தேர்வாளர் வாக்குகள் 486. 1984இல் ரீகன் பெற்றது 58.8 சதவீதம், தேர்வாளர் வாக்குகள் 525. இன்றுவரை எவரும் அத்தனை வாங்கியதில்லை. குறைவாக வாங்கியவருக்குக் கூடுதல் கிடைக்கிறது. எதிர்த்து நின்ற மான்டேல் மின்னசோட்டாவை வென்றது 3,761 வாக்குகளில்தான்; அதுவும் கைநழுவியிருந்தால், தலைநகர் வாஷிங்டன் தவிர நாடே ரீகனுடையதாகியிருக்கும். இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு எதை அளப்பது?

தமிழரசி, நியூஜெர்சி:
தென் கரோலினா பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, அதை மறக்கவே கூடாது. ஆனால் அதனால் 1936 பொய்யாகிவிடாது. பிரிவினைப் போரில் பிரிந்துபோன பதினொரு தென்மாநிலங்களின் 124 தேர்வாளர் வாக்குகளை அப்படியே நீக்கிவிடுங்கள். ரூஸ்வெல்ட்டிடம் 399 இருக்கும், லாண்டனிடம் அதே 8. பென்சில்வேனியா 1932இன் பட்டினிக் காலத்தில்கூடக் குடியரசுக் கட்சியின் ஹூவர் பக்கம் நின்ற மாநிலம், 1936இல் மாறியது. வடக்கு நகரங்களில் வாக்குரிமை இருந்த கருப்பின மக்கள், லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியை விட்டுப் பெருவாரியாக ரூஸ்வெல்ட் பக்கம் வந்ததும் அந்தத் தேர்தலில்தான். பரம்பரைப் பிடிப்பை உதறிவிட்டு மக்கள் வருவது எண்ணும் முறையால் நடப்பதில்லை.

சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நிறைவு வராது. தேர்தலுக்குப் பின் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், கென்னடி காலத்திலிருந்தே முட்டி மோதிக்கொண்டிருந்த திட்டம். 1962இல் செனட் சபையில் தோற்றது. பிரதிநிதிகள் சபையின் நிதிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ், சொந்தக் கட்சித் திட்டம் என்றும் பாராமல் அதை வெளியே விடவில்லை. 1964 தேர்தலில் ஜான்சனோடு சேர்ந்து 295 பிரதிநிதிகளும் 68 செனட்டர்களும் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தார்கள். அதே மில்ஸ் திட்டத்தை இன்னும் விரிவாக்கி, தாமே முன்னின்று நிறைவேற்றினார். 1965 ஜூலை 30 அன்று சட்டமானது.

அந்த ஆண்டு அக்டோபரில்தான், பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு செய்த 1924இன் குடியேற்ற முறையை ஜான்சன் ஒழித்தார். இங்கே எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தை முதன்முதலில் கூட்டியவர்கள் அந்தச் சட்டத்துக்குப் பின் வந்த மருத்துவர்களும் பொறியாளர்களும்தான். மாபெரும் வெற்றி மாயை என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியவில்லை.

கதிர்:
தமிழரசி அவர்களே, குடியேற்றச் சட்டத்தை வெற்றியின் கணக்கில் எழுதாதீர்கள். குடியரசுக் கட்சியினரும் பெரும் எண்ணிக்கையில் அதற்கு வாக்களித்தார்கள். இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிசார் உரிமைகள் சட்டத்தையும் சேர்க்க முடியாது; அது தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பே, 1964 ஜூலை 2இல் கையெழுத்தானது. மெடிகேர் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது 1972. குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு 60.7 சதவீதம், 49 மாநிலங்கள், எதிராளியைவிட ஏறத்தாழ 1.8 கோடி வாக்குகள் அதிகம். வாக்கு எண்ணிக்கையில் அதுதான் இன்றுவரை மிகப் பெரிய இடைவெளி. எதிர்த்து நின்ற மெக்கவர்னுக்கு சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாகூடக் கிடைக்கவில்லை. மாசச்சூசெட்ஸும் தலைநகரும் மட்டுமே. ஆனால் அதே நாளில் செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு இரண்டு இடங்கள் கூடின. நிக்சன் 1973 ஜனவரி 20இல் இரண்டாம் முறை பதவியேற்றார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 7இல் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் ஊழலை விசாரிக்கும் குழுவை செனட் அமைத்தது. 77க்கு 0! அவர் கட்சியினர் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். ஜான்சன் பெற்றதும் 61தான், நிக்சன் பெற்றதும் 61தான். ஒருவருக்கு மெடிகேர் கிடைத்தது, மற்றவருக்கு விசாரணைக் குழு கிடைத்தது.

பொருநை:
கதிர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அதிகாரம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் இருக்கிறது. அதிபர் 49 மாநிலங்களில் வென்றாரா 30இல் வென்றாரா என்பது அதற்குப் பின்தான்.

இளங்கோ, வாணியம்பாடி:
அந்த 295 பேர் வானத்திலிருந்து குதித்தார்களா? ஜான்சனை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயரோடு ஒரே சீட்டில் நின்ற காரணத்தாலேயே தோற்ற குடியரசுக் கட்சியினர் எத்தனை பேர்! 1964இல் அவைகளைத் தந்ததே அதிபர் தேர்தலின் அலைதான்.

அவைகளைத் தாண்டியும் ஒரு சான்று தருகிறேன். ரூஸ்வெல்ட்டின் முதல் ஆட்சிக் காலத்தில் உச்ச நீதிமன்றம் அவருடைய பொருளாதார மறுமலர்ச்சிச் சட்டங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருந்தது. 1937 மார்ச் 29இல் திடீரென்று, பெண் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 5க்கு 4 என்று செல்லுபடியானது. நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் பக்கம் மாறியிருந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் ரூஸ்வெல்ட்டின் திட்டத்துக்கு அஞ்சித்தான் மாறினார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஆனால் நீதிபதிகள் தமக்குள் அந்த வழக்கில் வாக்களித்தது 1936 டிசம்பரில். திட்டம் வெளியானதோ 1937 பிப்ரவரி 5இல். டிசம்பருக்கு முந்தைய மாதம் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாள் பதவியில் இருக்கும் நீதிபதிக்கே நவம்பரில் மக்கள் பேசியது காதில் விழுந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கதிர்:
அதே வெற்றி ரூஸ்வெல்ட்டின் கண்ணையும் மறைத்தது, ஐயா. நீதிபதிகளைக் கூட்டும் அந்தத் திட்டத்தை, அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட் 70க்கு 20 என்று குழுவுக்கே திருப்பி அனுப்பியது. 1938இல் அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வந்த இடைக்காலத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சி எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. ஜான்சனும் அப்படித்தான். 1966இல் 47 இடங்கள் பறிபோயின. 1968 மார்ச்சில் மீண்டும் போட்டியிடவில்லை என்று அறிவித்துவிட்டார். மூன்றரை ஆண்டுக்கு மேல் தாங்காத வெற்றி.

தமிழரசி, நியூஜெர்சி:
இந்த இடத்தில்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிபதிகளைக் கூட்டப் போகிறேன் என்று ரூஸ்வெல்ட் 1936 பிரசாரத்தில் எங்கும் சொல்லவில்லை. ஆசியாவின் இளைஞர்கள் செய்ய வேண்டியதை நம் பிள்ளைகளை அனுப்பிச் செய்யப்போவதில்லை என்று 1964 அக்டோபரில் ஜான்சன் பேசினார். அடுத்த ஆண்டே வியட்நாமுக்குப் படையை அனுப்பிக் குவித்தார். கேட்டு வாங்காத அனுமதியை வாங்கிவிட்டதாக நினைத்ததால் வந்த வினை இது.

மெடிகேர் அப்படி அல்ல. 1964 செப்டம்பரில் அது செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பிரசாரத்தின் நடுவே கோல்ட்வாட்டர் வாஷிங்டனுக்கு வந்து எதிர்த்து வாக்களித்துவிட்டுப் போனார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். இருவரும் தங்கள் நிலையைத் திறந்து சொன்னார்கள், மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 61 சதவீதத்துக்கு மதிப்பு வந்தது அந்தக் கேள்வியால்.

நிக்சன் 1972இல் நாட்டின் முன் எந்தக் கேள்வியையும் வைக்கவில்லை. ஈகிள்டனைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்து, அவர் மனச்சோர்வுக்கு மின்அதிர்ச்சி சிகிச்சை எடுத்த செய்தி வந்ததும் நீக்கித் தடுமாறிய மெக்கவர்னைவிட நான் மேல் என்றார், அவ்வளவுதான்.

கதிர்:
நீங்கள் சொல்லும் பிரிவை ஏற்கிறேன், ஆனால் 1964இன் கேள்விக்கு 2.7 கோடிப் பேர் எதிரான பதில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அரிசோனாவோடு தெற்கில் ஐந்து மாநிலங்கள் கோல்ட்வாட்டரிடம் போயின. ஜார்ஜியா அதற்குமுன் ஒரு முறைகூடக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்ததில்லை. மிசிசிப்பியில் 87 சதவீதம். அங்கே கருப்பின மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லாத நேரம். குடிசார் உரிமைகள் சட்டத்தின் மீது எழுந்த கோபம்தான் அது, அதில் எனக்கு ஐயமில்லை. தேர்தலுக்கு ஒரு வாரம் முன் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசிய நடிகர் ரீகன், இரண்டே ஆண்டில் கலிபோர்னியா ஆளுநர். பதினாறு ஆண்டில் அதிபர். தோற்றவர்களின் கட்சிதான் கடைசியில் வென்றது.

இளங்கோ, வாணியம்பாடி:
கட்சி வென்றது, மெடிகேர் தோற்றதா? மருத்துவர் சங்கத்துக்காக அரசு மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து 1961இல் இசைத்தட்டில் பேசி வெளியிட்டவர் அதே ரீகன். 525 தேர்வாளர் வாக்குகள் பெற்ற பிறகும் மெடிகேரை ஒழிக்கவில்லை. 1988இல் அதை விரிவாக்கும் சட்டம் ஒன்றில் கையெழுத்தும் போட்டார்.

பொருநை:
ஒழிக்க விரும்பியிருந்தாலும் அவரால் முடிந்திருக்காது. எட்டு ஆண்டுகளும் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது, 1984க்குப் பிறகும் சேர்த்துத்தான். நான் சொல்வதே இதுதான்.

இளங்கோ, வாணியம்பாடி:
அப்படியானால் 2005ஐப் பாருங்கள். ஜார்ஜ் புஷ் 50.7 சதவீதத்தோடு வென்றுவிட்டு, தேர்தலில் அரசியல் மூலதனம் ஈட்டியிருக்கிறேன், அதைச் செலவிடப் போகிறேன் என்றார். இரு அவைகளும் அவர் கட்சியிடம். முதியோர் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்குகளாக மாற்ற நாடு முழுவதும் சுற்றிப் பேசினார். அந்தத் திட்டத்தைத்தான் 1936இல் லாண்டன் வெளிப்படையாக எதிர்த்துப் பிரசாரம் செய்து இரண்டே மாநிலங்களோடு வீடு திரும்பினார். அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, இரு அவைகளையும் கையில் வைத்திருந்த புஷ்ஷின் திட்டம் ஓர் அவையில்கூட வாக்கெடுப்பு வரை வரவில்லை.