அம்மம்மாவின் கண் ஊசி: வயல் வெட்டு முடியும்வரை தள்ளிப்போடலாமா?

குளக்கட்டு:
அம்மம்மாவுக்கு 78 வயது. வலது கண்ணில் விழித்திரையின் நடுவில் நீர் கசிகிற மாக்குலர் நோய். மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டாயிற்று. கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றவர் இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறார். ஸ்கானிலும் நீர் வற்றிவிட்டதாம், ஆனாலும் ஆறு கிழமையில் அடுத்த ஊசி என்று கொப்பியில் எழுதி விட்டிருக்கிறார்கள். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் போய் யாழ்ப்பாணம் ஏறி வர முழு நாளும் போய்விடும், அந்தக் கிழமைதான் எங்களுக்கு வெட்டு. ஒரு மாதம் பிந்தினால் என்ன?

மாங்குளத்தான்:
தம்பி, என் அப்பாவும் இதே கணக்குத்தான் பார்த்தார். நல்லாத் தெரியுது என்று நாலு மாதம் போகவில்லை. பிறகு ஒருநாள் சாமி படத்தில் மாலை தெரியுது, முகத்தைக் காணவில்லை என்றார். உள்ளே இரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது, அதற்குப் பிறகு போட்ட ஊசி ஒன்றும் அந்த முகத்தைத் திருப்பித் தரவில்லை.

கிளினிக் தங்கச்சி:
கண் கிளினிக்கில் வேலை செய்கிறேன். ஊசி நோயை மாற்றுவதில்லை அண்ணா, மருந்து கண்ணுக்குள் இருக்கும்வரை கசிவை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். நீர் வற்றியிருந்தால் நாலு கிழமையை ஆறாக்குவார்கள், பிறகு எட்டு, பத்து, பன்னிரண்டு; இடையில் நீர் திரும்பினால் இரண்டு கிழமை குறைப்பார்கள். ஆகவே ஆறு என்று எழுதியது நல்ல செய்திதான். பக்கத்து வீட்டாரின் திகதியோடு ஒப்பிட வேண்டாம், மருந்துக்கு மருந்து இடைவெளி வேறு. இந்த ஊசி மருந்துகளில் அவாஸ்டின் முதலில் புற்றுநோய்க்கு வந்தது, விலை குறைவு; 2011இல் வந்த அமெரிக்க ஆய்வில் பார்வையைக் காப்பதில், கண்ணுக்கென்றே வந்த லூசென்டிஸுக்குச் சமமாகவே நின்றது. ஐலியா, வாபிஸ்மோ என்ற மற்ற ஊசிகள் போட்டால் சிலருக்கு 16 கிழமை வரை கூடப் போகும். போன் எடுத்து, திகதியைப் பிந்தாமல் சில நாள் முந்தித் தர முடியுமா என்று கேளுங்கள்.

விசுவமடு அக்கா:
கணக்குக் கொப்பியின் சதுரக் கட்டத்தை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கோ, தினமும். கோடு வளைந்தால் அல்லது நடுவில் கட்டம் காணாமல் போனால் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் வெள்ளை விழி சிவந்து திட்டாக இருக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் நாலைந்து நாளுக்குள் நோவு கூடி, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் கிருமி, அன்றைக்கே ஓடவேணும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று ஒன்றும் விட வேண்டாம் (எங்கள் வீட்டில் விட்டார்கள், நல்ல காலம் கண் தப்பியது).

குளக்கட்டு:
போன் எடுத்தேன், நாலு நாள் முந்தி வரச் சொல்லிவிட்டார்கள். நன்றி. திரும்பி வர பஸ் போதுமா, வான் பிடிக்கவேணுமா?

விசுவமடு அக்கா:
பஸ் காணும். யன்னல் கரையில் இருத்தாதேங்கோ, கறுப்புக் கண்ணாடி கொண்டு போங்கோ. வந்த கையோடு களத்து மேட்டுப் பக்கம் மட்டும் விடாதேங்கோ, வெட்டுத் தூசி.