அரிசோனா சன் சிட்டி: இவ்வளவு பெரிய முதியோர் ஊர் எப்படி வந்தது?

பெரம்பூர்வாசி:
மகள் சாண்ட்லரில் இருக்கிறாள், மூன்று மாதமாக இங்கேதான் இருக்கிறேன். போன வாரம் பீனிக்ஸுக்கு வடமேற்கே சன் சிட்டி வழியாகக் காரில் போனோம். சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு கோல்ஃப் வண்டி, ஓட்டுகிற பாட்டிக்கு எண்பது இருக்கும், பக்கத்து சீட்டில் நாய்க்குட்டி. அரை மணி நேரம் சுற்றியும் ஒரு பள்ளிக்கூடம் கண்ணில் படவில்லை, ஒரு குழந்தையின் சைக்கிள்கூட இல்லை. யார் கட்டினார்கள் இதை? இன்னும் வளர்கிறதா?

கள்ளிச்செடி:
ஐயா, நான் இந்தப் பக்கம் பதினாறு வருஷமாக இருக்கிறேன். அது முன்பு பருத்தி வயல். டெல் வெப் என்ற கான்ட்ராக்டர் 1960 ஜனவரி 1 அன்று ஐந்து மாதிரி வீடுகள், ஒரு கடைத்தெரு, நீச்சல் குளம், கோல்ஃப் மைதானம் எல்லாவற்றையும் முதலிலேயே கட்டி வைத்துவிட்டுத்தான் திறந்தார். வழக்கமாக நம் ஊரில் "கிளப் ஹவுஸ் வரும்" என்று படம் காட்டி விற்பார்கள் இல்லையா, அதற்கு நேர் எதிர். முதல் வார இறுதியில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்களாம். வீடு 8,500 டாலரிலிருந்து. 1962இல் டைம் பத்திரிகையின் அட்டையிலேயே அவர் படம் வந்துவிட்டது.

அப்புறம் பதினெட்டு வருஷம் கட்டிக்கொண்டே போனார்கள். மேப்பில் பாருங்கள், வட்டத்துக்குள் வட்டமாகத் தெருக்கள், புதிதாகப் போகிறவன் சுற்றிச் சுற்றி அதே வீட்டு வாசலுக்கே வந்து நிற்பான். 1978இல் இடம் தீர்ந்தது, பக்கத்தில் சன் சிட்டி வெஸ்ட் ஆரம்பித்தார்கள். ஆக இப்போது வளர்ச்சி இல்லை, கைமாறுவது மட்டும்தான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 40,000க்குக் கொஞ்சம் குறைவு.

வரிக்கணக்கு:
பள்ளிக்கூடம் ஏன் இல்லை என்று கேட்டீர்களே, அதில் ஒரு கசப்பான கதை இருக்கிறது. ஆரம்பத்தில் இந்த ஊர் பக்கத்துப் பியோரியா பள்ளி மாவட்டத்தில்தான் இருந்தது, அதாவது அந்த வட்டாரப் பள்ளிகளை உள்ளூர் வரிப்பணத்தில் நடத்தும் அமைப்பில். பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட (அந்தக் கடனை வரியிலிருந்துதான் அடைக்க வேண்டும்) வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் இவர்கள் திரண்டு போய்த் தோற்கடித்தார்கள், 1962க்கும் 1974க்கும் இடையில் பதினேழு முறை! கடைசியில் பள்ளி மாவட்டமே இவர்களைக் கழற்றிவிட்டது. "என் பிள்ளைகளைப் படிக்க வைத்தாயிற்று, இன்னொருத்தன் பிள்ளைக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்" என்பது அவர்கள் வாதம். இவர்கள் படித்தபோது யார் கட்டினார்களாம்?

கள்ளிச்செடி:
அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த ஊருக்கு மேயரும் கிடையாது, நகராட்சியும் கிடையாது. ஆரஞ்சு மேல்சட்டை போட்ட தாத்தாக்கள் காலையிலேயே தெருவோரம் குப்பை பொறுக்குவதைப் பார்க்கலாம், சம்பளம் இல்லாமல். கோடையில் வடக்கே ஓடிப்போகிறவர்களின் பூட்டிய வீடுகளைச் சுற்றிப் பார்ப்பதும் ஓய்வு பெற்ற தன்னார்வலர்கள்தான்.

நொய்யல்கரை:
எங்கள் பெரியப்பா கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கி எட்டு வருஷமாகிறது. சேர்ந்தபோது சொன்ன சாப்பாட்டுக் கட்டணம் இப்போது இரண்டு மடங்கு, ரசம் மட்டும் அதே தண்ணீர். கேட்டால் "மேனேஜ்மென்ட் முடிவு" என்கிறார்கள். சன் சிட்டியில் நிர்வாகம் யார் கையில்?

கள்ளிச்செடி:
பொழுதுபோக்கு மையங்களும் கோல்ஃப் மைதானங்களும் வீட்டுக்காரர்களின் சங்கத்துக்கே சொந்தம், லாப நோக்கமில்லாத அமைப்பு. இயக்குநர்களை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டணம் ஏறினால் கூட்டத்தில் எழுந்து கத்தலாம், கத்தவும் செய்கிறார்கள். பெரியப்பாவை முதலில் விற்பனைப் பத்திரத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பொது இடங்கள் யார் பெயரில் என்று.

பெரம்பூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. அடுத்த முறை பேரனையும் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன், ஆறு வயது. உள்ளே விடுவார்களா?

கள்ளிச்செடி:
தாராளமாக. ஊர் வாசலில் கேட் எதுவும் இல்லை. வீட்டில் ஒருவருக்காவது 55 ஆகியிருக்க வேண்டும், 19க்குக் கீழே யாரும் நிரந்தரமாகத் தங்கக் கூடாது, அவ்வளவுதான். பையனுக்குத் தொப்பி மட்டும் மறக்காதீர்கள், இங்கே வெயில் வேலூரையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.