மேடை மடிக்கணினியின் படத்தை 40 மீட்டர் தள்ளியுள்ள டிவிகளுக்குக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் சமுதாயக் கூடத்தில், மேடையிலுள்ள மடிக்கணினியின் படம் 12 மீட்டர் தொலைவிலுள்ள ப்ரொஜெக்டரிலும், பின்வரிசையில் அமரும் முதியவர்களுக்காக வாங்கிய இரண்டு டிவிகளிலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். சுவரோரமாகச் சுற்றினால் டிவிகளுக்கு 40 மீட்டர் ஆகிறது. ஒரு படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்தனுப்பும் ஸ்ப்ளிட்டரிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள்களை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டியிருக்கிறோம். ப்ரொஜெக்டரில் குறையில்லை, டிவிகளில் மட்டும் படம் விட்டுவிட்டு மறைகிறது. இன்னும் விலையுயர்ந்த கேபிள் வாங்கினால் சரியாகுமா?

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. கேபிளின் விலையை உயர்த்திப் பயனில்லை. 1080பி (முழு எச்.டி.) படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது அந்தக் கேபிளில் நொடிக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட் ஓடுகிறது; அந்த வேகத்தில் செம்புக் கம்பி நீள நீள சிக்னல் நலிந்துகொண்டே போகும், நடுவில் வரும் ஒவ்வொரு இணைப்பும் அதை மேலும் கெடுக்கும். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை 10 முதல் 15 மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை.

ஸ்ப்ளிட்டரை மடிக்கணினிக்கு அருகிலேயே வைத்து, ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனி எச்.டி.பேஸ்-டி எக்ஸ்டெண்டர் (எச்.டி.எம்.ஐ. படத்தை வேறுவகைக் கேபிளில் நெடுந்தொலைவு அனுப்பும் இணைக்கருவி) போட்டு, இரு முனைகளுக்கும் இடையே கேட் 6 கேபிளை (கணினி வலையமைப்புக்குப் பயன்படும் வகை) நடுவில் வெட்டாமல் ஒரே நீளமாக இழுங்கள். 40 மீட்டர் அதற்கு எளிய தொலைவுதான். ஆனால் அதில் ஓடுவது கணினி வலையமைப்பின் சிக்னல் அன்று; எனவே அக்கேபிளை நெட்வொர்க் ஸ்விட்சில் செருகக் கூடாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியையும் கடைகளில் கேட் 6 என்றே விற்கிறார்கள். கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

மறுமொழி 2:
நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒவ்வொரு திரையும் தன்னால் எந்தத் தெளிவுத்திறனைக் காட்ட முடியும் என்ற விவரத்தை, அதாவது ஈ.டி.ஐ.டி.யை, மடிக்கணினிக்குச் சொல்லும். டிவிகள் 4கே (1080பி-யைவிடக் கூடுதல் தெளிவு) ஆகவும் ப்ரொஜெக்டர் 1080பி ஆகவும் இருந்து, ஸ்ப்ளிட்டர் டிவியின் விவரத்தை மட்டும் அனுப்பினால், ப்ரொஜெக்டர் இருண்டுவிடும். ஈ.டி.ஐ.டி.யை 1080பி-யில் நிலைநிறுத்தும் சிறு பொத்தான்கள் உள்ள ஸ்ப்ளிட்டரையே வாங்குங்கள். கேட் 6 கேபிளை மின்கம்பிகள் செல்லும் அதே குழாயில் நுழைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சுருளைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே அலுமினியம்தான். அதைத் திருப்பிக் கொடுத்து முழுச் செம்புக் கேபிளை இழுத்து, ஸ்ப்ளிட்டரையும் 1080பி-யில் நிறுத்தினோம். நேற்றைய மூன்று மணி நேர நிகழ்ச்சியில் எந்தத் திரையிலும் படம் ஒருமுறைகூட மறையவில்லை.