ஸ்டென்ட் வைத்த பிறகு யோகா: இதயத்துக்கு நிஜமாகவே பலன் உண்டா?

மொட்டைமாடி:
வயசு 54. போன வருஷம் மாரடைப்பு வந்து, அடைபட்ட ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குட்டிக் கம்பிக் குழாய்) வைத்தார்கள். பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை ஓடுகிறது. டாக்டர், "யோகா தாராளமா செய்யுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாமாவோ தினமும் வாட்ஸ்அப்பில், "பிராணாயாமம் செஞ்சா அடைப்பே கரைஞ்சிடும், மாத்திரையைத் தூக்கிப் போடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எனக்கு சிரசாசனம் செய்யவும் ஆசை.

மெதுநடை:
இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ நான். முதலில் ஒன்று: மாத்திரையில் கை வைக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது ரொம்ப ஆபத்து.

மாமாவின் கதையும் முழுக்க ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1990-ல் அமெரிக்க டாக்டர் டீன் ஆர்னிஷ் குழு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் அடைப்பு சற்றே குறைந்தது உண்மை. ஆனால் அதில் கலந்துகொண்ட நோயாளிகள் கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவுக்கு மாறினார்கள், சிகரெட்டை விட்டார்கள், உடற்பயிற்சியும் செய்தார்கள். யோகா அதில் ஒரு பங்கு.

உங்களுக்குப் பொருந்துவது இந்தியாவில் 24 இடங்களில், மாரடைப்பு வந்த கிட்டத்தட்ட 4,000 பேரை வைத்து நடந்த ‘யோகா-கேர்’ ஆய்வு. 2020-ல் முடிவு வெளிவந்தது. யோகா செய்தவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள், உடம்பு தேவலை என்றார்கள். திரும்ப மாரடைப்பு வருவதோ மரணமோ குறைந்ததாக அதில் நிரூபணமாகவில்லை. நான் யோகாவைச் சிபாரிசு செய்வது அந்த முதல் பாதிக்காகத்தான். மாரடைப்புக்குப் பிறகு மாடிப்படி ஏறவே பயப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தப் பயம் விலகுவது சின்ன விஷயமில்லை.

மூச்சிலிருந்து ஆரம்பியுங்கள். மூக்கு வழியே 5 விநாடி உள்ளே, 5 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. இந்த வேகத்தில், ரத்த அழுத்தத்தைக் கண்காணித்துத் துடிப்பைச் சரிசெய்யும் நரம்பு வழி நன்றாக வேலை செய்கிறது. கும்பகம் வேண்டாம்; மூச்சை அடக்கி முக்கினால் பிரஷர் எகிறும். சிரசாசனமும் வேண்டாம், ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பிரஷர் மாத்திரை போடுகிறவர் சவாசனத்திலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்து, கையூன்றி, சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

கணக்குவழக்கு:
அப்படியென்றால் வாக்கிங்குக்கு டாட்டா சொல்லிவிடலாமா? (சோம்பேறியின் கேள்விதான்.)

மெதுநடை:
அது மட்டும் நடக்காது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி கேட்கிறது. நிதானமான ஆசனங்களில் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது. சூரிய நமஸ்காரத்தை விடாமல் சுற்றுச் சுற்றாகச் செய்தால் ஏறும். ஆனால் மொட்டைமாடி சார், நீங்கள் டாக்டரைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

மொட்டைமாடி:
கபாலபாதி?

மெதுநடை:
வேகமாக வயிற்றை உதறும் மூச்சு. இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியை மூச்சடக்காமல் செய்யலாம். நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல், எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். இறுக்கம் அடங்கவில்லையென்றால் நேராக ஆஸ்பத்திரி.

தையல்போட்டவர்:
எனக்கு பைபாஸ், இரண்டு மாதம்தான் ஆகிறது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

மெதுநடை:
மெதுவான மூச்சு பொருந்தும். புஜங்காசனம் போல் கையூன்றி உடம்பைத் தூக்குவது, கையைப் பின்னால் இழுப்பது எல்லாம் நெஞ்செலும்பு கூடிவிட்டது என்று சர்ஜன் சொன்ன பிறகுதான். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள்.